கைக்குக் கேட்கும்படி

அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டிலில் விரித்துப் போட்டு, அதன் முந்திச் சரிகையில் மதினி இரண்டு கம்பி முனைகளை வைத்து அழுத்திய அந்த மத்தியானம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கையில் சிவப்பு ஒயர், மறு கையில் கறுப்பு ஒயர், மடியில் எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டர். அதற்கு முன்பே என் புடவை, அவள் புடவை, தைப்பதற்காக என்னிடம் வந்திருந்த ரவிக்கைத் துணிகளின் கரை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டாள். எதிலும் சத்தம் வரவில்லை. அம்மாவின் புடவையில் வைத்ததும் மீட்டர் 'பீ' என்று நீளமாகக் கத்தியது. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "ஏய், சாக் அடிச்சிறப் போகுது! பட்டுப் புடவையில போயி கரண்ட வச்சுக்கிட்டு." மதினி ஒயரை எடுத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடியும் அந்தச் சத்தம். "அத்தை, இது நெசமான சரிகை. உள்ள வெள்ளி ஓடுது. எங்க புடவையில இருக்கறது வெறும் பளபளப்பு. கரண்டு போறது ஒங்க புடவையில மட்டும்தான்." அம்மா கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் போய்ப் பெருமை வந்திருந்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். எழுத்தில் 'அவர்' என்று மரியாதை வைத்து எழுதினால் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். பிறந்தது மேலூர்ப் பக்கம். படித்தது கம்ப்யூட்டர். கல்யாணமாகி வந்த புதிதில் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அண்ணன் இங்கே மதுரையில் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் பஸ் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிற வாழ்க்கை. கொரோனா வந்ததும் எல்லோரையும் போல லேப்டாப்போடு கோரிப்பாளையம் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறேன் என்றாலும், என் தையல் கடை அம்மா வீட்டின் முன்னறையில் இருந்தது. அதனால் பகலெல்லாம் நானும் அவளும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். என் மிஷின் சத்தம் அவளுடைய மீட்டிங்குகளில் கேட்கும். அவளுடைய "ஓகே, ஓகே" என் கடைக்குக் கேட்கும்.

என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் இன்சூரன்ஸ் கேட்டு விண்ணப்பம் போட்டால், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பக்கங்களை எழுதுகிறாளாம். நன்றாக எழுதுவாள் என்று கம்பெனியில் பேர். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. "நீ ஒரு ரவிக்கை தைக்கிற. அத ஒருத்தி போட்டுப் பாக்குறா, கண்ணாடி முன்னால நின்னு திரும்புறா, கை தூக்கிப் பாக்குறா. சரியில்லன்னா திட்டுறா. நான் எழுதுறத யாரும் தொட்டதில்ல புள்ள. அதப் பாத்து யாரும் சிரிச்சதும் இல்ல, திட்டுனதும் இல்ல. வேலை செஞ்சா யாருக்கும் தெரியாது, கெட்டாத்தான் தெரியும்." அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். ஆனாலும் அது என் மனசில் கிடந்தது.

எல்லாம் தொடங்கியது எங்கள் கோவில் குடிலில். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வருடமும் பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கோலும் சாக்கும் போட்டுக் குடில் கட்டுவோம். தொட்டியில் முளைக்கப் போட்ட கேழ்வரகுதான் புல்வெளி. சீரியல் லைட் விட்டு விட்டு எரியும், அவ்வளவுதான். அந்த வருடம் மதினி பங்குச்சாமியிடம் போய், "ஃபாதர், ஆடுகள மட்டும் எங்கிட்ட குடுங்க" என்று வாங்கிவந்தாள். பிளாஸ்டர் ஆடுகளின் தலையை அறுத்து, உள்ளே சின்ன மோட்டார் வைத்து, யாராவது பக்கத்தில் வந்தால் கண்டுபிடிக்கிற ஒரு சென்சாரையும் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தாள். கிட்டே ஆள் வந்தால் ஆடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி அவரைப் பார்க்க வேண்டும். அதுதான் திட்டம். வீட்டில் வைத்துப் பார்த்தபோது அழகாகத் திரும்பின. கோவிலில் குடிலுக்கு நேர் எதிரே பாடகர் குழு நிற்கும் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. திருவிழாப் பூசையில் அவர்கள் அசைய அசைய, ஆடுகள் விடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தன. பிரசங்கத்தின் நடுவில் 'கிர் கிர்' என்று மோட்டார் சத்தம். மதினி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஃபாதர் பேச்சை நிறுத்திவிட்டுக் குடிலைப் பார்த்தார். "இந்த ஆடுகளாவது நான் சொல்றதக் கேட்டுத் தலையாட்டுதுங்க" என்றார். கோவிலே சிரித்தது.

பூசை முடிந்தும் கூட்டம் குடிலை விட்டு நகரவில்லை. பெரிய மனிதர்கள்கூட ஓர் அடி முன்னே வைத்து, ஓர் அடி பின்னே வைத்து, 'என்னையத்தான் பாக்குதா?' என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கடுகடுவென்றே இருக்கும் எங்கள் தெரு ரிடையர்டு டீச்சர் ஒருவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓர் ஆட்டுக்குட்டிக்குக் கையசைத்தார். மதினி தூணுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பாத்தியா புள்ள? அது நான் எழுதுன புரோகிராம்தான். கம்பெனியில எழுதுறதே அதேதான். 'யாராச்சும் வந்தா இதச் செய்யி.' அம்புட்டுத்தான். ஆனா இங்கிட்டு வந்தது மனுசங்க."

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவை எல்லாம் ஒரு வகையான கூத்துதான். தொட்டால் பாடுகிற சொம்பு, கதவைத் திறந்தால் இலை விரிக்கிற காகிதச் செடி, அண்ணன் உட்கார்ந்தால் பெருமூச்சு விடுகிற நாற்காலி. கம்பெனி வேலை முடிந்ததும் அவள் மேசையில் ஈயம் உருகும் வாடை வரும். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. "பொம்மைக்குக் கரண்டு குடுக்கவா ஒங்கப்பா ஒன்னைய அம்புட்டுப் படிக்க வச்சாரு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்தால் முதலில் அந்தச் சொம்பைத்தான் எடுத்துக் காட்டுவார். சில மாதங்கள் கழித்துக் கம்பெனி எல்லோரையும் சென்னைக்குத் திரும்பக் கூப்பிட்டது. மதினி போகவில்லை. வீட்டிலிருந்து பகுதி நேரமாகச் செய்கிற வேறொரு சின்ன வேலையைத் தேடிக்கொண்டு, மிச்ச நேரம் இதுதான் என்றாள். அண்ணனுக்குப் பயம். வெளியே காட்டிக்கொள்ளாமல் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டில் உப்புக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் அவனே ஆசாரியிடம் போய் அவளுக்கு ஒரு பெரிய மேசை அடித்துக்கொண்டு வந்தான்.

மதினியின் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்கு மாமா முறை. மேலூருக்குப் பக்கத்தில் கிரானைட் கல் அறுத்து மெருகேற்றும் பட்டறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். கல் அறுக்கும் மிஷினின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய காதைத் தின்றுவிட்டது. கல்யாணத்தின்போது பக்கத்தில் போய்ப் பேசினால் கேட்கும். பிறகு சத்தம் போட வேண்டியிருந்தது. பிறகு கத்த வேண்டியிருந்தது. மிஷின் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். இரைச்சல்தான் வருகிறது, பேச்சு வரவில்லை என்று கழற்றிவைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் நாங்கள் எல்லோரும் அவரிடம் கத்துவோம். பாசத்தோடுதான் கத்துவோம், ஆனாலும் கத்தல் கத்தல்தான். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். "சாப்டீகளா?" என்று கேட்டாலும் தலையாட்டுவார், "பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டாலும் அதே தலையாட்டல்தான். போகப் போக விசேஷங்களுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். மதினியின் அம்மாவை நான் அத்தை என்பேன்; அத்தை இருந்தவரை அவருக்கு அத்தைதான் காது. யார் என்ன சொன்னாலும் அத்தை அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாயைப் பெரிதாக அசைத்து, கையைக் காட்டி, அவருக்குப் புரியவைத்துவிடுவார். அந்த அத்தை கொரோனாக் காலத்தில் போய்விட்டார். மாமா தன் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக இருந்தார். மதினி போனில் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. வீடியோவில் ஒருவரையொருவர் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு வைத்துவிடுவார்கள்.

மதினியின் போனில் அத்தை பேசுகிற வீடியோ ஒன்று இருந்தது. பேசுவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சிரிப்பு. எதற்கென்று தெரியாது, எதையோ சொல்லத் தொடங்கிச் சொல்ல முடியாமல் சிரிக்கிறார். கடகடவென்று ஒரு சிரிப்பு, மூச்சு வாங்க ஓர் இடைவெளி, 'அய்யோ' என்று ஓர் இழுப்பு, மறுபடியும் கடகட. மதினி அதை அடிக்கடி போட்டுக் கேட்பாள். ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "எங்கப்பா இதக் கேக்கவே இல்ல புள்ள. இந்த வீடியோவுல அம்மா வாய் அசையிறதப் பாத்திருக்காரு. அம்புட்டுத்தான்." பிறகு போனை மேசைமேல் கவிழ்த்துவைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி, என் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். என் உள்ளங்கையில் குறுகுறுவென்று ஏதோ ஓடியது. கொஞ்சம் நின்றது. மறுபடியும் ஓடியது.

அந்த வாரத்தில்தான் புடவைகளை எல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்தது. அவள் நினைத்தது இதுதான்: ஒரு பெரிய மரப் பலகை. அதன் பின்னால் சத்தத்தை அதிர்வாக மாற்றுகிற கனமான ஸ்பீக்கர்கள். முன்னால் இழுத்துக் கட்டிய துணி. துணியில் சரிகையால் தைத்த பூக்கள். ஒரு பூவைத் தொட்டால் சரிகை வழியாக அது பின்னால் இருக்கும் சின்ன எலக்ட்ரானிக் போர்டுக்குத் தெரியும். போர்டு அந்தப் பூவுக்கு உரிய சத்தத்தைப் போடும். காது கேட்கிறவருக்குச் சத்தமாகவும், கேட்காதவருக்குக் கையில் அதிர்வாகவும் அது வரும். மேலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப் பேர்களைக் கூவுவது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை, கோவில் மணி, எங்கள் அம்மா தேங்காய் உடைப்பது என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தாள். நடுப் பூவுக்கு அத்தையின் சிரிப்பு.

சரிகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே புடவையைக் கொண்டுவந்து என் மிஷின்மேல் வைத்தார். மடிப்பு மடிப்பாக ஏற்கெனவே இற்றுப்போயிருந்த புடவைதான். ஆனாலும் கத்தரிக்கோலை எடுக்க எனக்குக் கை வரவில்லை. "பீரோவுக்குள்ளயே கிடந்து கிழியுது. வெட்டு. நாலு பேரு தொட்டுப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் வெட்டுவதைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். கரையை வெட்டி, சரிகையைப் பிரித்து, பூ பூவாகத் தைத்தேன். எத்தனையோ கல்யாண ரவிக்கைகளுக்கு வேலைப்பாடு செய்திருக்கிறேன். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மீட்டர் வைத்து, 'பீ' சத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தைத்தது அதுதான் முதல் தடவை. சரிகை எங்காவது அறுந்திருந்தால் மீட்டர் மௌனமாகிவிடும். மதினி பெருமூச்சு விடுவாள். நான் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பேன்.

வைகைக்கு வடகரையில் பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியைச் சுத்தம் செய்து, இளைஞர்கள் சிலர் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். அதில் மதினிக்கு ஒரு சுவர் கிடைத்தது. முதல் நாளே கூட்டம். காலேஜ் பிள்ளைகள் பூக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பலகை முழுக்க மழை பெய்தது, மணி அடித்தது, கண்டக்டர் கூவினார். நடுப் பூவைத் தொட்டவர்கள் எல்லோரும் அத்தையின் சிரிப்பைக் கேட்டுத் தாங்களும் சிரித்தார்கள். எங்கே தொற்றிக்கொண்டது என்று தெரியாமலே சிரித்தார்கள். மதினி ஓரத்தில் லேப்டாப் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எந்தப் பூவில் கை பட்டாலும் திரையில் அதற்குரிய கோடு எழும்பும்.

சாயங்காலம் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். கூட்டம் வழிவிட்டது. மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டுபோய் நடுப் பூவின்மேல் வைத்தாள். வைத்துவிட்டு ஓடிவந்து லேப்டாப்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். திரையில் கோடு எழும்பவில்லை. மாமாவின் கை பூவின்மேல்தான் இருந்தது. நன்றாக அழுத்திக்கூட வைத்திருந்தார். பலகை சும்மா இருந்தது. அவர் கையை எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடியும் வைத்தார். ஒன்றுமில்லை. சுற்றிலும் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு கணம் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, மெல்லத் தலையாட்டி, கிட்டங்கி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நல்லாருக்குத்தா. ரொம்ப நல்லாருக்கு."

மதினி சிரித்துக்கொண்டே போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட்டு வரும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆட்டோவில் வரும்போதுதான் அழுதாள். கல்லோடும் தண்ணீரோடும் கிடந்து கிடந்து மாமாவின் உள்ளங்கைத் தோல் காய்த்துத் தடித்துப்போயிருந்தது. ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் மிஷின் எடுக்காது. அந்தக் கையைச் சரிகை தொடுகையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு இருந்தால்தான் தொடுகை என்று மதினி ஓர் அளவு வைத்திருந்தாள். அந்த அளவை அவளுடைய கையிலும் என் கையிலும் வைத்துப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள். "அவருக்காகச் செஞ்சேன். அவரு கையத் தவுர ஊருல உள்ள எல்லார் கைக்கும் வேலை செஞ்சுச்சு" என்றாள். பிறகு, "பொய் சொன்னாரு பாத்தியா? எனக்காக. கேக்காம கேட்ட மாதிரி தலையாட்டிப் பழகுன மனுசன். நானும் அவர அதே மாதிரி தலையாட்ட வச்சுட்டேன்" என்றாள். கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தபோது, சுற்றி இருந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

கண்காட்சிக்காரர்களில் ஒருவர் யோசனை சொன்னார்: தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளச் சொன்னால் போதும், தண்ணீர் பட்டால் எடுத்துக்கொள்ளும், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிடலாம் என்று. மதினி கேட்கவில்லை. "கைய நனைச்சுட்டு வாங்கன்னு சொல்றது, வீட்டுக்கு வர்றவங்கள மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வாங்கன்னு சொல்ற மாதிரி" என்றாள். பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்கினாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலூருக்குப் போனாள். எதற்கென்று சொல்லாமல், "கைய இப்படி வைங்கப்பா, இப்ப எடுங்கப்பா" என்று சைகையிலேயே சொல்லிச் சொல்லி, அவர் கையின் எண்கள் திரையில் எப்படி நகர்கின்றன என்று பார்த்தாள். நகரத்தான் செய்தன, மிக மிகக் கொஞ்சமாக. மாமாவோடு வேலை பார்த்தவர்கள் சிலரின் கைகளையும் அப்படிப் பார்த்தாள். மாமாவுக்கு இது எதுவும் புரியவில்லை. மகள் அடிக்கடி வருகிறாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பைக்குள் கொய்யாப்பழம் போட்டு அனுப்புவார்.

எனக்கும் வேலை வந்தது. மெல்லிய கோடுகளாகத் தைத்திருந்த பூக்களைப் பிரித்து, உள்ளங்கை முழுவதும் பதிகிற அளவுக்கு, இடைவெளி இல்லாமல் நெருக்கி நெருக்கிச் சரிகையை ஓட்டினேன். பார்ப்பதற்கு முன்பிருந்த நளினம் போய்விட்டது. பூக்கள் எல்லாம் தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டன. எனக்கு அதில் வருத்தம்தான். "அழகாத்தான் இல்ல மதினி" என்றேன். "கை வச்சா அழகாயிரும்" என்றாள். ஒரே அளவை எல்லோருக்கும் வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கையும் வரும்போது அந்தக் கையையே பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும்படி புரோகிராமை எழுதினாள். முதலில் கை படாமலே பலகை அதிர்ந்தது. மின்விசிறி போட்டால் அதிர்ந்தது. அம்மா ஈரத் தலையோடு பக்கத்தில் போனால்கூட அதிர்ந்தது. "எனக்கே வேலை செய்யுது பாரு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். மதினி தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து போய் மறுபடியும் எழுதுவாள். மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "புள்ள, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். போனேன். என் கையில் பட்டறைக்காரர்கள் போடுகிற தோல் கையுறையை மாட்டிவிட்டுப் பூவில் வைக்கச் சொன்னாள். உறைக்குள்ளே என் கை அதிர்ந்தது.

இந்தத் தடவை அவள் மதுரையைத் தேடவில்லை. மேலூரில் அவர்கள் பங்குக் கோவில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு பலகையை நிறுத்திவைத்தோம். அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அறிவிப்பு எதுவும் இல்லை. பூசை முடிந்து வந்தவர்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். மாமா வாசலிலேயே நின்றுகொண்டார். மதினி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "அதான் அன்னைக்கே பாத்துட்டேனேத்தா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. அவள் விடவில்லை. போய் இழுத்துவந்தாள். ஆனால் இந்த முறை கையைப் பிடித்து வைக்கவில்லை. பலகைக்கு முன்னால் விட்டுவிட்டு விலகிப் போனாள்.

மாமா மரியாதைக்காக ஓரத்துப் பூவில் கையை வைத்தார். வைத்தவர் சுட்டுவிட்டதைப் போல வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். மழை பெய்தது. அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்; வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. அடுத்த பூவுக்குப் போனார், அதற்கடுத்ததற்குப் போனார். கடைசியாக நடுப் பூவில் வைத்தார். மண்டபத்தில் அத்தையின் சிரிப்பு எழுந்தது. மேலூரில் அந்தச் சிரிப்பைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பின்னாலிருந்து ஒரு பெண் "ஐயோ, இது நம்ம…" என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவுக்கு அது எதுவும் கேட்காது. அவர் கையை எடுக்காமல் நின்றார். சிரிப்பு ஒரு சுற்று ஓடி முடிந்து மறுபடி தொடங்கியது. அவர் தலையைத் திருப்பாமலே, "ஆத்தா, கொஞ்சம் கூட்டு" என்றார்.

மதினி லேப்டாப்பில் ஓர் எண்ணை மாற்றினாள். முதலில் தப்பாக அடித்து, அழித்துவிட்டு அடித்தாள். பலகை இன்னும் பலமாக அதிர்ந்தது. மாமா மறு கையையும் கொண்டுபோய் வைத்தார். சிரிப்பு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவர் எங்களிடமோ தனக்குத்தானோ, வழக்கத்துக்கு மாறாக மிக மெதுவான குரலில், "இப்ப மூச்சு வாங்குவா பாரு" என்றார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. இடைவெளி. 'அய்யோ' என்று அந்த இழுப்பு. மாமா தலையை ஆட்டினார். அது நாங்கள் இத்தனை காலம் பார்த்த தலையாட்டல் இல்லை. "ஆமா. இவதான்" என்றார்.

மதினி போய் அவர் பக்கத்தில் நின்று, தன் கையையும் பலகைமேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாமாவே திரும்பி, பட்டறை ஆட்களைப் பார்த்து, "என்னத்தப் பாக்குறீக? வந்து கைய வைங்கப்பா" என்று சத்தம் போட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை அவர் அங்கிருந்து நகரவே இல்லை. வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்தார். "இது மழ. இது பஸ் ஸ்டாண்டு. இது எங்க வீட்டுக்காரி" என்று ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார்.

மதினி இப்போது வெளியூர்களுக்கும் போகிறாள். போன மாதம் கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குள், காத்திருப்பவர்கள் உட்காரும் இடத்தில் ஒரு சுவர் செய்து கொடுத்துவிட்டு வந்தாள். யாராவது சாய்ந்தால் அவர்கள் மூச்சோடு சேர்ந்து மங்கி மங்கி ஒளிர்கிற சுவராம். எதைச் செய்தாலும் முதலில் மேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் மாமாவின் கையில் வைத்துப் பார்த்துவிடுகிறாள். அவர் கைக்கு வேலை செய்தால் யார் கைக்கும் வேலை செய்யும் என்பது அவள் கணக்கு. நான் இன்னும் ரவிக்கைதான் தைக்கிறேன். நடுநடுவே அவளுக்கும் தைக்கிறேன். "கம்ப்யூட்டர்ல என்னமோ செய்யிறா" என்று முன்பெல்லாம் மகளைப் பற்றிச் சொல்லிவந்த மாமா இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "கேட்டவங்கள எல்லாம் 'வந்து தொட்டுப் பாரு'ன்னு சொல்றாராம்" என்றாள் மதினி.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். இப்போது யாரும் அவரிடம் கத்துவதில்லை. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அவர் இடது கையை விரித்து வைத்திருப்பார். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் மேசையைத் தட்டுவோம். நிமிர்ந்து பார்ப்பார், பார்த்த பிறகு முகத்துக்கு நேராக மெதுவாகச் சொன்னால் பாதி புரிந்துகொள்கிறார். அண்ணன் தட்டுவது எது, அம்மா தட்டுவது எது என்றுகூட அவருக்குத் தெரிகிறது. போன ஞாயிறு அயிரை மீன் குழம்பு. நாங்கள் எதையோ பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தோம், எல்லோரும் ஒரே நேரத்தில். திடீரென்று மேசை டொக் டொக்கென்று அதிர்ந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மாமா காலியான தட்டைக் காட்டி, "இம்புட்டு நேரமா தட்டுறேன், ஒருத்தருக்கும் கேக்கலயா?" என்றார். மதினி குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.